எரர் வந்த வீடுகள்

எங்கள் தேரிவிளையில் கம்ப்யூட்டர் பிழைகள் ஆளாக நடந்து வந்து வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தோசைக்கல் சூடேறிக்கொண்டிருந்த நேரத்தில் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது அது எப்படி முடியும் என்றுதான். எங்கள் ஊரில் அதை யாரும் கேட்கவில்லை, வந்தவருக்கு மாவு பற்றுமா பற்றாதா என்பதுதான் அன்றைக்கு எங்களுக்கு இருந்த கவலை.

தங்கப்பழம் அண்ணாச்சியின் மளிகைக் கடையில் அவருடைய அப்பா காலத்திலிருந்தே ஒரு சொல்லுக்கு இடம் கிடையாது. அரிசி தீர்ந்துபோனால் அரிசி நிறைஞ்சிருக்கு என்பார்கள், புளி தீர்ந்தால் நாளைக்கு வரும் என்பார்கள், கேட்ட பொருள் அந்தக் கடையில் என்றைக்குமே இருந்ததில்லை என்றால் உட்காருங்க, மோர் குடிக்கீயளா என்பார்கள். 'இல்லை' என்று கடைக்குள் ஒருவர் சொன்னால் லட்சுமி எழுந்து வெளியே போய்விடுவாள் என்று அந்தக் குடும்பம் நம்பியது. அரிசிப்பானையைப் பற்றிப் பேசும்போது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான் இது, அண்ணாச்சி வீட்டில் மட்டும் அதைப் பானையோடு நிறுத்தாமல் சாப்பாடு, கல்யாணம், காய்ச்சல் என்று உலகத்துக்கே நீட்டிவிட்டார்கள். நான் அந்தக் கடைக்கு எதிர்வீடு, அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

காலம் மாறியதும் அண்ணாச்சியும் மாறினார், 'எல்லாம் உண்டு' என்று ஒரு வலைத்தளம் தொடங்கினார், மளிகையிலிருந்து கல்யாண மண்டபம், சமையல்காரர், பந்தல், ஆட்டோ, மோட்டார் ரிப்பேர் வரைக்கும் தேரிவிளைக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே போனில் தட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வைத்தார். தளத்தை எழுதியவள் பொன்சீலி, சர்ச் உபதேசியார் மகள், கெட்டிக்காரி, வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவள். கடையின் பின்கட்டில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள், தும்மிக்கொண்டேதான் எழுதினாள்.

"அண்ணாச்சி, நெட்டு போவும், சரக்கு தீரும், ஒரு மெசினு இன்னொரு மெசினுக்குப் பதில் சொல்லாம நிக்கும். அப்பம் இது நடக்கலன்னு தளத்துல காட்டணும்லா?" என்று கேட்டாள்.

"காட்டப்படாது."

"பிறகு என்னத்தக் காட்ட?"

"நல்லதாக் காட்டு, பிள்ள. சிவப்பு எழுத்தே நம்ம கடைக்கு ஆகாது."

பொன்சீலி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், சொன்னவள் சம்பளத்துக்கு இருப்பவள், கேட்டவர் முதலாளி, ஆகவே எந்தப் பிழை எங்கே எழுந்தாலும் அதை அங்கேயே பிடித்து விழுங்கிவிட்டு, கேட்டவருக்குப் பச்சை எழுத்தில் 'ஆச்சு, சந்தோசம்' என்று மட்டும் காட்டும்படி எழுதி வைத்தாள். ஊரெல்லாம் பச்சை எழுத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டது, பிறகு பொருளுக்காகக் காத்திருந்தது, வராத பொருளுக்காக இன்னும் கொஞ்சம் காத்திருந்தது. நல்ல வார்த்தை சொன்னவரிடம் மறுபடி போய் என்ன ஆச்சு என்று நிற்பது எங்கள் ஊரில் மரியாதை கிடையாது என்பதால், கேஸ் அடுப்பின் பர்னர் வராதவர்கள் பக்கத்து வீட்டில் சமைத்தார்கள், ஆட்டோ வராதவர்கள் நடந்தார்கள், யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படி விழுங்கப்பட்டவற்றில் ஒன்று கம்ப்யூட்டருக்கு வெளியே இருந்தது. அண்ணாச்சிக்கு ஒரே மகள், பவளம், பொட்டலம் கட்டும் மேசையில் நாள் முழுக்க நின்று ஊர்வம்பு பேசிச் சிரிப்பவள். அவளுக்குக் கடலோரத்து ஊரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் திருமணிச்செல்வன், நல்ல வேலை, வரிசையான பல், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற குணம். பிடிச்சிருக்காம்மா என்று அப்பா கேட்டபோது, அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளின் வாயில் அதற்கு இருந்தது ஒரே பதில்தான், சரிப்பா என்றாள். மறுநாள் பொட்டல மேசையில் பொன்சீலியிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"எனக்கு வேண்டாம்ட்டி. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல. அந்த ஆளு மேல குத்தமும் கிடையாது. உள்ள என்னமோ ஒத்துக்கிட மாட்டேங்கு."

"அப்பாட்ட சொல்லேன்."

"எப்படிச் சொல்ல? எங்க வீட்ல அதுக்கு வார்த்தையே கிடையாதே."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று பொன்சீலியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, பவளம் பருப்புப் பொட்டலத்தின் வாயை மடித்துக் கட்டினாள். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

அந்த நிலைமையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. கோமதிநாயகம் சார், பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், மிக்சி ஜாருக்கு வாஷர் கேட்டுப் பல வாரமாகக் காத்திருந்தவர், கதவைத் திறந்தபோது வெளியே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றார், செருப்பில் எங்கள் ஊர்ச் செம்மண் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

"சார், நான் உங்க ஆர்டர்ல வந்த பிழை. நீங்க பட்டனை அழுத்தும்போது கிடங்கு மெசின் பதில் சொல்லலை. அதனால வாஷர் புறப்படவே இல்லை. இதுல உங்க தப்பு எதுவும் கிடையாது. இப்ப மெசின் சரியா இருக்கு, இன்னொரு தடவை கேட்டீங்கன்னா வந்துரும்."

சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் இருக்கட்டும், வாசல்ல நின்னா பேசுவாவ? உள்ள வாங்க, தோச ஊத்துதாவ" என்றார்.

அன்று மதியத்துக்குள் மேலத்தெருவில் மூன்று வீட்டுக்கும் சந்தைப்பேட்டையில் ஏழெட்டு வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது. அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பொன்சீலியைக் கேட்டோம், நாம முழுங்குனதெல்லாம் வெளிய வருது, அவ்வளவுதான் என்றாள், எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் அவர்களைப் பிழை என்றாள், ஊர் எரர் என்று வைத்துக்கொண்டது, எங்க வீட்டுக்கு எரர் வந்திருக்காவ, கொஞ்சம் காப்பித்தூள் குடுங்க என்று பக்கத்து வீட்டில் டம்ளரை நீட்டுவது ஒரு வாரத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது.

எரர்களில் பல தினுசு உண்டு. காத்திருந்து காத்திருந்து பதில் வராமல் புறப்பட்டு வருகிற அம்மாள் ஒருத்தி, எப்போது வந்தாலும் மூச்சு வாங்குவாள், அவளுக்காக வீடுகளில் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியும் செம்பில் தண்ணீரும் வைத்திருந்தோம். தளத்தில் எடுத்துவிட்ட பக்கத்தைத் தேடி வருகிற ஒல்லி மனிதர் ஒருவர், கையில் குடையோடு முக்கில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் வழி கேட்பார், அந்தப் பக்கம் இப்ப கிடையாது, எங்க வீட்டுக்கு வாங்க என்று யாராவது கூட்டிப் போய்விடுவார்கள். கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா, விவரம் தவறாக நிரப்பியவர்கள் வீட்டுக்கு வருபவள், முதல் வாரத்தில் நுழைந்ததும் நுழையாததுமாக, நீங்க தப்பாப் போட்டிருக்கீங்க என்று ஆரம்பித்தாள், வீட்டுக்கு வந்த இடத்தில் குத்தம் சொல்லுதா பாரு என்று பெண்கள் அவளுக்குக் காப்பியே கொடுக்கவில்லை. அடுத்த வாரம் திருந்தி வந்தாள். போன் நம்பர்ல ஒரு எண் விட்டுப்போச்சு, நடுவுலயா கடைசியிலயான்னு மட்டும் பாருங்க, மத்தது எல்லாம் நான் பத்திரமா வச்சிருக்கேன், திரும்பப் போட வேண்டாம் என்றாள். அன்றைக்கு அவளுக்குக் காப்பியும் கிடைத்தது, இரண்டு அதிரசமும் கிடைத்தது.

ஒரு முறை மண்டபக்காரர் வீட்டுக்கு ஒரே முகமுள்ள ஆட்கள் காலையிலிருந்து வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவரும் அதே செய்தியை அதே குரலில் சொன்னார்கள், மண்டபக்காரர் பத்துப் பேருக்குப் பிறகு காதில் வாங்குவதையே நிறுத்திவிட்டார், கடைசியில் பந்தி போட்டுச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் பேசினார். "எல்லாரும் வந்தது சந்தோசம். ஆனா விசயம் ஒண்ணுதான? இனிமே ஒரு ஆளு வந்து, இத்தன பேருக்காக வந்திருக்கேன்னு சொன்னாப் போதும்." அவர்கள் அதையும் கேட்டுக்கொண்டார்கள், எங்கள் ஊருக்கு வந்த எரர்களிடம் இருந்த பணிவு மனிதர்களிடம் இருந்தால் பஞ்சாயத்தே வேண்டாம்.

இவர்களையெல்லாம் ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது, ஒருவரைத் தவிர. அவர் பருத்த மனிதர், பெரிய மீசை, கையில் ஒரு கைக்குட்டை. வந்து உட்கார்ந்து, உள்ள என்னமோ சரியில்லை, மன்னிக்கணும் என்பார். என்ன சரியில்லை என்று கேட்டால் தெரியலை என்பார், எப்போ சரியாகும் என்றால் அதுவும் தெரியலை என்று கண்ணைத் துடைப்பார், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் துடைப்பார். காரணம் தெரியாதவன் எதுக்குவே வாரான் என்று ஊர் சலித்துக்கொண்டது. பவளம் மட்டும் அவரைக் கண்டால் கூப்பிட்டு உட்கார வைத்து, கடலைமிட்டாய் கொடுத்து, காரணம் தெரியாட்டா என்ன, வந்து சொன்னியளே, அது பெருசு என்பாள்.

வந்தவர்கள் போவது எப்போது என்றால், சொன்ன காரியம் சரியானதும்தான். பர்னர் வந்து சேர்ந்ததும் எழுந்து, சரியாயிட்டு, வாரேன் என்பார்கள், தெருமுனை திரும்பும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், அவர்கள் குடித்த டம்ளர் மட்டும் இங்கே இன்னும் சூடாக இருக்கும். இதனால் ஒரு சிக்கல் வந்தது, பிரிய மனசில்லாமல் நிறையப் பேர் காரியத்தைச் சரிசெய்யாமலே வைத்திருந்தார்கள். கோமதிநாயகம் சாரின் எரருக்குச் சதுரங்கம் நன்றாக விளையாட வந்தது, அதற்காக சார் வாஷரை மறுபடி கேட்கவே இல்லை, அவர் வீட்டில் தேங்காய்ச் சட்னியை அம்மியில் அரைத்தார்கள். எரர் வராத வீட்டுக்காரர்கள் எங்களுக்கு என்ன குறைச்சல் என்று வேண்டுமென்றே போன் நம்பரைத் தப்பாகப் போட்டு டீச்சரம்மாவை வரவழைத்து, எதிர்வீட்டுக்குத் தெரிகிற மாதிரி வாசலில் வைத்துக் காப்பி கொடுத்தார்கள். நானும் ஒரு தடவை தப்பாகப் போட்டேன்.

அண்ணாச்சி மட்டும் வாடிப்போனார். அப்பா வைத்த கடையின் பெயரைச் சொல்லிக்கொண்டு, வராது, நடக்கலை, கிடையாது என்று ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்வது அவருக்கு நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது. எரர் சொன்னதைக் கேட்டு ஜனங்கள் மறுபடி ஆர்டர் போட்டதில் வியாபாரம் ஏறியிருந்தது, அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"நிறுத்து பிள்ள இதை" என்றார் பொன்சீலியிடம்.

"நடக்காததத் தளத்துலயே சொல்லிட்டா இவுக இவ்வளவு தூரம் நடந்து வரவேண்டாம், அண்ணாச்சி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இப்பமே எழுதிருதேன்."

"அந்த வார்த்தையத் தவிர வேற என்ன வேணாலும் கேளு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தத் துண்டை உதறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

நிச்சயத்தன்று அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமும் எங்கள் ஊர் மறுபக்கமும் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சியின் மனைவி சொர்ணத்து மைனி லட்டுத் தட்டைச் சுற்ற விட்டாள். சம்பந்திக்குத் தன் தளத்தைக் காட்டுகிற ஆசையில் அண்ணாச்சி கல்யாண மண்டபத்தை அங்கேயே, எல்லோர் கண்முன்னாலும் பதிவு செய்வது என்று முடிவு செய்து, போனைப் பவளத்தின் கையில் கொடுத்து, மக்கா, உன் கையாலயே அழுத்து என்றார். அவள் பொன்சீலியைப் பார்த்தாள், பொன்சீலி தரையைப் பார்த்தாள். பவளம் அழுத்தினாள். 'ஆச்சு, சந்தோசம்' என்று பச்சை எழுத்து வந்தது, வந்த கையோடு வாசலில் அந்தப் பருத்த மனிதர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள என்னமோ சரியில்லை, மன்னிக்கணும்" என்றார்.

"யாரு இது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நம்ம ஆளுதான், இரிங்க இரிங்க" என்று சமாளித்துவிட்டு, அண்ணாச்சி எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எங்கள் ஊர் எழுந்தது. மண்டபக்காரர் தன் போனைப் பார்த்து, தேதி பதிவாயிட்டு, ஒரு குறையும் கிடையாது என்றார், சமையல்காரர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து எல்லாம் தயார் என்றார், ஒருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், இன்னொருவர் வீட்டு ஃபியூஸைக்கூடத் திறந்து பார்த்தார். பொன்சீலி கணினியைக் கொண்டுவந்து மடியில் வைத்துத் தேடினாள்.

"தளத்துல பிழை எதுவும் கிடையாது, அண்ணாச்சி. எல்லாம் ஒழுங்காப் போயிருக்கு."

"பிறகு இவரு ஏன் வந்திருக்காரு?"

கோமதிநாயகம் சார் தொண்டையைச் செருமினார். "எரர் எப்பவும் யாருக்காக வந்திருக்கோ அவுகளப் பாத்துத்தான் உக்காந்திருக்கும். எங்க வீட்ல பாத்திருக்கேன்" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பருத்த மனிதர் பவளத்துக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பவளம், உனக்குச் சம்மதந்தானம்மா?" என்றார் அண்ணாச்சி.

அவள் வாயைத் திறந்தாள். அவளுக்குள் இருந்தது வேறு, நாக்கு பழகியது வேறு, வெளியே வந்தது பழகியதுதான். "சரிப்பா" என்றாள்.

வாசலில் இன்னொரு பருத்த மனிதர், அதே மீசை, அதே கைக்குட்டை, உள்ள என்னமோ சரியில்லை என்றபடி வந்து முதல் ஆளின் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி மறுபடியும் கேட்டார், நெசமாத்தான் சொல்லுதியா என்றார், சரிப்பா என்றாள், இன்னொருவர் வந்தார், அப்பாவுக்காகச் சொல்லாதம்மா என்றார் அண்ணாச்சி, சரிப்பா என்றாள், கண்ணில் நீர் நிற்க அதையே சொன்னாள், சொல்லச் சொல்ல ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஜமக்காளம் நிறைந்து, மாடிப்படி நிறைந்து, மாப்பிள்ளை வீட்டார் லட்டுத் தட்டுகளோடு சுவர் ஓரம் ஒதுங்கி, ஊஞ்சல் பலகையில் இருவர் நெருக்கி உட்கார, மீசை வைத்த அத்தனை பேரும் ஒன்றுபோல் மூக்கைச் சிந்தினார்கள். சொர்ணத்து மைனி இலை பற்றாது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள், எங்கள் ஊர் அப்படித்தான்.

அண்ணாச்சி தன் மகளைப் பார்த்தார். அவர் அவளைத் தினமும் பார்க்கிறவர்தான், ஆனாலும் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று எனக்குப் பட்டது. அவள் பிறந்ததிலிருந்து சொன்ன சரிகளில் எத்தனை இப்படி வந்தவை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆட்களைத் தாண்டி, மடிகளையும் முழங்கால்களையும் மிதிக்காமல் மெல்லக் கால் வைத்து, சுவரோரம் நின்ற சம்பந்தியிடம் போய்க் கைகூப்பினார். தன் அப்பாவின் படம் மாட்டிய சுவரை ஒரு தடவை பார்த்தார்.

"இல்லைங்க" என்றார். "எம் மவளுக்கு இஷ்டம் இல்லைங்க. உங்க பையன் தங்கம். காரணம்னு கேட்டா ஒண்ணும் கிடையாது. அவளுக்கு வேண்டாம், அதனால இந்தக் கல்யாணம் இல்லைங்க."

மீசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சரியாயிட்டு, வாரேன் என்று சொல்லிப் போனார்கள், அத்தனை பேரும் போய் முடியக் கொஞ்ச நேரம் ஆனது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சிவந்தது, இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார், சொல்லியிருக்கலாம்தான், எங்களுக்குத் தெரியலை, மன்னிக்கணும், இதுல உங்க தப்பு எதுவும் கிடையாது, சமைச்சது இருக்கு, சாப்பிட்டுப் போங்க என்று சொர்ணத்து மைனி அவர் கையைப் பிடிக்காத குறையாகப் பந்திக்கு அழைத்தாள். திருமணிச்செல்வன் பவளத்தைப் பார்த்து, பரவாயில்லங்க, பிடிக்கலைன்னா சொல்லிரணும் என்று அந்த வரிசையான பல்லால் சிரித்துவிட்டு இலையில் போய் உட்கார்ந்தான், நல்ல பையன்தான், அதில் சந்தேகமே கிடையாது.

பவளம் எழுந்து வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றாள்.

"அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்க."

அண்ணாச்சி சுற்றும் முற்றும் பார்த்தார், பிறகு, "இல்லை" என்றார், கொஞ்சம் சத்தமாக.

பவளம் சிரித்தாள், பொன்சீலி சிரித்தாள், பந்தியில் இருந்தவர்கள் கையில் சோற்றோடு சிரித்தார்கள். அண்ணாச்சி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், நடுத்தெருவைப் பார்த்து நின்று, அடுத்த 'இல்லை'யை யாரும் கேட்காமலேயே சொன்னார்.